ஸ்க்ரூவைத் தேடிக் கொடுத்த சிறுமிக்கும் மற்றவர்களுக்கும்

அன்பு நண்பர்களுக்கு,

இமாச்சல மலைகளில் நடக்கிற எம்டிபி ஹிமாலயா சைக்கிள் பந்தயத்தை முடித்து பெங்களூர் அல்சூருக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. என் பிரிவில் கடைசிக்கு முந்தின இடம். தெருவில் பார்க்கிறவர்கள் கைகொடுக்கும்போது கூச்சமாக இருக்கிறது. யாருக்கு எதற்காகக் கடன்பட்டிருக்கிறேன் என்று எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் இறங்கும்.

முதலில் சிவாஜிநகர் சைக்கிள் கடை பாய். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு சின்ன அலுமினியத் துண்டைச் சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினார். பின்பக்க கியர் தொங்குகிற ஹேங்கர். "ஏற்கெனவே ஒண்ணு நல்லாத்தானே பாய் இருக்கு?" என்றேன். "இது ஒடையறதுக்குன்னே செஞ்சதும்மா. இது ஒடையலேன்னா உன் ஃப்ரேம் ஒடையும். உன் வண்டிக்கு உள்ளது வேற வண்டிக்குச் சேராது, அங்க போய் எங்க தேடுவே?" காசு வாங்கவில்லை. உடைந்தால் உடைந்ததைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

சண்டிகரில் சைக்கிள் பெட்டியைப் பிரித்தபோதே அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது. கொண்டுவந்து சேர்த்தவர்களிடம் சண்டை போட்டுப் பார்த்தேன், பலனில்லை. உள்பக்கமாக வளைந்திருந்த ஹேங்கரை அங்கேயே நிமிர்த்தினோம். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த அலுமினியத்தை நம்பக்கூடாது என்று அப்போது உறைக்கவில்லை.

பந்தயத்தின் மூன்றாம் நாள் கனாக் கிராமம் தாண்டி ஜலோரி கணவாய்க்கு ஏறுகிறோம். கணவாய் 3,100 மீட்டருக்கு மேல். பெங்களூரின் 920 மீட்டரில் மூச்சுவிட்டுப் பழகியவளுக்கு அங்கே கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவு. இருப்பதிலேயே லேசான கியருக்கு மாற்றினேன். பின்பக்க கியர் சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் போய்ச் சிக்கி 'டக்' என்றது. ஹேங்கர் இரண்டாக உடைந்து, கியர் செயினோடு ஊசலாடியது.

பாய் ஒட்டிய டேப்பைக் கிழித்தேன். பின்சக்கரத்தைக் கழற்றினேன். குளிரில் விரல் மரத்துப்போய், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான அந்த ஸ்க்ரூ கைநழுவிப் புல்லுக்குள் உருண்டது. மண்டியிட்டுத் துழாவினேன். அழுகையும் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. மேலே வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி இறங்கி வந்தாள். எட்டு வயதிருக்கும், முழங்கை கிழிந்த சிவப்பு ஸ்வெட்டர். என் இந்தியில் "ஸ்க்ரூ, சோட்டா" என்றதும் தலையாட்டினாள். புல்லைத் தொடவே இல்லை. குனிந்து ஒரு கன்னத்தைத் தரையோடு வைத்து, வெயில் வருகிற பக்கம் பார்த்தாள். எங்கோ மினுக்கியிருக்க வேண்டும். எடுத்து, ஸ்வெட்டரில் துடைத்துக் கொடுத்தாள்.

அன்று நேரக் கெடு முடிய பதினோரு நிமிடம் இருக்கும்போது முடிவுக் கோட்டைத் தொட்டேன்.

அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அத்தை செய்த எள்ளுருண்டை மட்டும்தான். முதல் தடவை அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். க்ளவுஸ் போட்ட கையால் பிரிக்க வரவில்லை என்று சொன்னதிலிருந்து வாழைச்சருகில் மடித்து நாரால் கட்டித் தந்தார்கள், பல்லால் இழுத்தால் அவிழ்ந்துவிடும். பந்தயத்துக்குப் போகிறேன் என்றபோது அத்தை கேட்ட ஒரே கேள்வி "வழியில சோறு கிடைக்குமா?" என்பது. நான் இல்லாத பத்து நாளும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்துக்கு: அதிகாலை நாலரைக்கு ஏரிக்கரை வள்ளுவர் சிலையடியில் நீங்கள் நிற்காவிட்டால் நான் போர்வையை விட்டே எழுந்திருக்க மாட்டேன். (தாமதமாக வந்ததற்கு இப்போதும் மன்னிப்பு. 18 வருஷம் மூடியே கிடந்து 2009-இல் திறந்த வள்ளுவருக்குப் பத்து நிமிடம் பெரிதில்லை, உங்களுக்குத்தான் பெரிது.) நந்தி மலையை ஒரே நாளில் மூன்று தடவை ஏறவைத்ததற்கு நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை. ஆனால் அவலஹள்ளிக் காட்டுப்பாதையில் "கல்லைப் பாக்காதே, கல்லுக்கு அந்தப் பக்கம் பாரு" என்று கத்திக்கொண்டே முன்னால் போன அக்காவுக்கு, இமாச்சலத்தில் ஒவ்வொரு இறக்கத்திலும் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

என் ஷிப்டுகளைப் பங்குபோட்டுக்கொண்ட அலுவலக நண்பர்கள், நாலு மணிக்கு முணுமுணுக்காமல் கேட் திறந்த வாட்ச்மேன் அண்ணன், பயணச் செலவுக்குக் கைமாற்றுக் கொடுத்துவிட்டு இன்னும் கேட்காத தோழி (மறக்கவில்லை, அடுத்த மாதம்) எல்லோருக்கும் நன்றி.

உடைந்த ஹேங்கரை பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடையில் காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே தொங்கவிட்டார்.

அந்தச் சிறுமியிடம் பேர் கேட்காமல் வந்துவிட்டேன். உங்களில் யாராவது இந்த வருஷம் கனாக் வழியாகப் போவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அத்தை ஒரு டப்பா எள்ளுருண்டையும், நான் ஒரு ஸ்வெட்டரும் தந்தனுப்புகிறோம். அளவு பத்து வயதுக்கு எடுத்திருக்கிறேன், அதற்குள் வளர்ந்திருப்பாள்.