வண்ணம் அடிப்பதற்கு முன் கல் நடுங்கள்: முழுமைத் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

முழுமைத் திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வளர்கிற நகரத்துக்கு இருபத்தைந்து ஆண்டுத் திட்டம் எழுத உட்கார்ந்ததும் மேசைக்கு வருவது வண்ண வரைபடம்தான். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, பூங்காவுக்குப் பச்சை. கூடவே 'அனைவருக்குமான நகரம்' என்று ஓர் அத்தியாயம். அந்த அத்தியாயம் இல்லாமல் போனாலும் எங்களுக்கு வருத்தமில்லை. வசதியற்றவருக்கு நகரத்தில் எவ்வளவு இடம் என்பதைத் தெருக்கோடும், குறைந்தபட்ச மனை அளவும், கழிவுநீர்க் குழாயின் சரிவும் முடிவு செய்கின்றன. இவை பின்னிணைப்பில் கிடக்கும். கூட்டத்தில் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பமாட்டார்கள்.

முதலில் ஒரு கணக்கு. மக்கள்தொகை ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால் 24 ஆண்டுக்குள் இரட்டிக்கும். நிலம் அதைவிட வேகமாகப் போகும். குடும்பங்கள் சிறுக்கின்றன, ஆளுக்குத் தேவைப்படும் தளப்பரப்பு கூடுகிறது, விளிம்பில் வீடுகள் தள்ளித் தள்ளி எழும்புகின்றன. அடர்த்தி ஆண்டுக்கு 1.5 விழுக்காடு குறைந்தாலே 25 ஆண்டில் நகரப் பரப்பு மூன்று மடங்காகிவிடும். இரண்டு மடங்குக்குக் கோடு போட்டுவிட்டு மிச்சத்தை 'வேளாண் மண்டலம்' என்று பச்சையடித்தால் வளர்ச்சி நின்றுவிடாது. அனுமதியற்ற மனைப்பிரிவாக அங்கேயேதான் போய் இறங்கும். விலை மலிவு அங்கேதானே.

ஆகவே மூன்று மடங்குப் பரப்புக்கும் இப்போதே பிரதான சாலைக் கோடு வேண்டும். கிலோமீட்டருக்கு ஒன்று, அகலம் 30 மீட்டர், குறுக்கும் நெடுக்குமாக. மொத்த நிலத்தில் இது 6 விழுக்காடுகூட ஆகாது. நேர்க்கோட்டில் எந்த வீடும் பேருந்துச் சாலைக்கு 500 மீட்டருக்குள் வந்துவிடும். குடிநீர்ப் பெருங்குழாய், மழைநீர் வாய்க்கால், மின்தடம் எல்லாம் அதே 30 மீட்டருக்குள் அடங்கும். தார் போட அவசரமே இல்லை. ஆனால் எல்லைக் கல் நட வேண்டும், சர்வே எண் வாரியாக உட்பிரிவு செய்ய வேண்டும், அந்தப் பட்டியல் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் எப்போதும் கோட்டை விடுகிறோம். வரைபடத்தில் சாலை இருக்கும், பதிவேட்டில் இருக்காது. மனை கைமாறும், கிரயம் ஆகும், வீடு எழும்பும். பதினைந்து ஆண்டு கழித்துச் சாலை போட ஆள் வரும்போது, பெரிய கட்டடக்காரர் வழக்குப் போடுவார். கோடு அவர் மதிலைச் சுற்றி வளைந்து, வழக்குப் போடக் காசில்லாதவர் கூரை வழியாகப் போகும்.

நியூயார்க்கில் 1811-இல் தெருத்திட்டம் போட்டபோது ஊரில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. ஆனாலும் 155-ஆவது தெரு வரை கோடு போட்டார்கள். அது பெரும்பாலும் அப்படியே நின்றது. பெரிய பூங்காவுக்கு மட்டும் இடம் விடவில்லை. பின்னால் சென்ட்ரல் பார்க் வேண்டும் என்றானபோது, கறுப்பின மக்கள் சொந்தக் காசில் நிலம் வாங்கி வாழ்ந்த செனெகா வில்லேஜ் 1857-இல் காலி செய்யப்பட்டது. தொடக்கத்தில் விட்டுப்போன பொது இடத்துக்கு யார் தலையில் கை வைப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பார்சிலோனாவுக்கு 1859-இல் பொறியாளர் செர்தா வரைந்த திட்டத்தில், தெருக்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு கட்டடச் சதுரத்துக்கும் உள்ளே தோட்டம் இருந்தது. விதியைத் தளர்த்தித் தளர்த்தி அதில் பெரும்பகுதியைக் கட்டடம் விழுங்கிவிட்டது. 20 மீட்டர் தெருக்களை யாராலும் விழுங்க முடியவில்லை. விதியை அடுத்த அரசு திருத்திவிடும். பொதுப் பெயரில் பதிவான நிலத்தைத் தொடுவது அத்தனை எளிதல்ல.

அத்தனை நிலத்தையும் காசு கொடுத்து வாங்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, தேவையும் இல்லை. ஜப்பானில் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும், குஜராத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழும் நடக்கிற நிலத் தொகுப்பு முறை இருக்கிறது. நூறு ஏக்கரை ஒன்றாகச் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு 18, பூங்காவுக்கும் திடலுக்கும் 5, பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் 4, குறைந்த வருவாய்க் குடும்பங்களின் வீட்டுக்கு 8, விற்றுச் செலவை ஈடுகட்ட 5. மிச்சம் 60 ஏக்கர், சாலை முகப்போடு ஒழுங்கான மனைகளாக உரிமையாளர்களிடமே திரும்பும்.

கேட்க நன்றாக இருக்கிறது. வழுக்கும் இடங்களும் உண்டு. எல்லோரிடமும் ஒரே 40 விழுக்காடு கழித்தால் ஐந்து ஏக்கர்காரருக்கு இலாபம்தான். 100 சதுர மீட்டர் வைத்திருப்பவருக்கு 60-இல் என்ன கட்டுவது என்று புரியாது. 2001 நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத்தின் பூஜ் நகரின் உட்பகுதியை மறுசீரமைத்தபோது, மனை பெரிதாகப் பெரிதாகக் கழிக்கும் பங்கும் ஏறும்படி படிநிலை வைத்தார்கள். அதை விதியாகவே எழுதுங்கள். குத்தகைதாரர், வேலியோரம் குடியிருப்பவர் போன்ற பட்டா இல்லாதவர்களைத் தொகுப்பு தொடங்கும் நாளிலேயே கணக்கெடுத்து, அந்த 8 ஏக்கரில் முதல் உரிமை கொடுங்கள். எந்த 8 ஏக்கர் என்பதையும் பாருங்கள். கேட்காமல் விட்டால் அது உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழேயோ வாய்க்கால் மூலையிலோதான் விழும். பேருந்துச் சாலையிலிருந்து 300 மீட்டருக்குள், ஒரே இடத்தில் குவியாமல் மூன்று நான்கு துண்டாக என்று வரையறுங்கள்.

இனி குழாய். 200 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாய்க்கு ஏறக்குறைய 200-க்கு 1 சரிவு வேண்டும். குறைந்தால் கசடு படியும். சமதரையில் இரண்டு கிலோமீட்டர் போனால் குழாய் 10 மீட்டர் கூடுதல் ஆழத்துக்கு இறங்கிவிடும். அதற்குள் நிலத்தடி நீர் குறுக்கிடும், பக்கச்சுவர் சரியும், ஒப்பந்தக்காரர் கைவிரிப்பார். ஆகவே கழிவுநீரை மேலே ஏற்றிவிட நடுவில் உந்து நிலையம் (பம்ப் நிலையம்) வேண்டும். அதற்கான மனை திட்டத்தில் இல்லையென்றால், பின்னால் பொறியாளர் பள்ளத்தில் காலியாகக் கிடக்கும் அரசு நிலத்தைத் தேடுவார். எளியவர்கள் குடிசை போட்டிருப்பதும் அந்தப் பள்ளத்தில்தான். மின்சாரம் போன இரவில் முதலில் பொங்குவதும் அங்கே இருக்கும் ஆள்நுழைவுக் குழிதான். ஒவ்வொரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் தாழ்ந்த முனையிலும், லாரி திரும்பவும் ஜெனரேட்டர் வைக்கவும் போதுமான மனையை, வீடுகளிலிருந்து விலக்கி, இப்போதே குறியுங்கள்.

குறைந்தபட்ச மனை 150 சதுர மீட்டர் என்று எழுதினால் 50-க்கு மட்டும் பணம் வைத்திருப்பவர் ஊரைவிட்டா போவார்? மூன்று பேர் சேர்ந்து கூட்டுக் கிரயம் செய்து, வெள்ளைத்தாளில் பங்கு பிரித்துக்கொள்வார்கள். பிறகு கட்டட அனுமதி இல்லை, வங்கிக் கடன் இல்லை, குழாய் இணைப்பு இல்லை. வீட்டுக்கொரு கார் நிறுத்தம் என்பதும் இதே ரகம். வந்துபோகும் வழியையும் சேர்த்தால் ஒரு கார் 25 சதுர மீட்டர் பிடிக்கும். சின்ன வீடே 30 சதுர மீட்டர்தான். இரண்டு விதிகளையும் எடுத்துவிடுவது செலவில்லாத வேலை.

கட்டுகிறவர்களையும் மறந்துவிடாதீர்கள். பிரேசில் நாட்டின் புதுத் தலைநகர் பிரசிலியா 1960-இல் திறக்கப்பட்டது. தொழிலாளர் தங்க டாகுவாட்டிங்கா என்ற துணை நகரம் 1958-லேயே, மையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி உருவானது. புதுத் தலைநகரின் திட்டப் பகுதிக்குள் அதைக் கட்டியவர்களுக்கு இடம் இல்லை.

வரைவு வெளியாகும் நாளில் வண்ணப்படத்தோடு மூன்று தாள்களையும் கேட்கிறோம். பிரதான சாலை எந்தெந்த சர்வே எண்களைத் தொடுகிறது என்ற பட்டியல் ஒன்று. பொது மனைகள் ஒவ்வொன்றும் யார் பெயரில், எந்த ஆண்டுக்குள் பதிவாகும் என்ற அட்டவணை ஒன்று. மேடுபள்ளம் காட்டும் சமஉயரக் கோடுகளும் வாய்க்கால்களும் உந்து நிலையங்களும் உள்ள படம் ஒன்று. வார்டு அலுவலகச் சுவரில், தன் வீட்டை விரல் வைத்துக் காட்ட முடிகிற அளவில் ஒட்டுங்கள். ஆட்சேபணைக்கான நாள் கணக்கை அவை ஒட்டப்பட்ட தேதியிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
நில அளவையிலும் குழாய்ப் பணியிலும் மனைப்பிரிவு ஒப்புதலிலும் இருப்பவர்கள்