செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விழா, ஓணப் பூக்களம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வாசகசாலைக் கூரைக்கு ஓடு மாற்றினோம்.

இனி, என் பொறுப்பில் விடப்பட்ட வேலை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும், கோபாலபுரம் ரோட்டிலும் இருந்த பழைய கள்ளுக்கடை, சாயாக்கடை, சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது. “சங்கத்துக் காசில் குடிகாரர் சரித்திரமா?” என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்று பாலக்காடு ஜில்லாவில் இருக்கும் நம் சித்தூர் தாலுகா அன்று கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல், கொச்சி போட்ட அப்காரிச் சட்டம், அதாவது கள், சாராயம் பற்றிய சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் கேரளத்தில் நடப்பில் இருக்கிறது. 1948-இல் மதராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது மேற்கே பாலக்காடும் கிழக்கே கோயம்புத்தூரும் மதராஸ், நடுவில் கொச்சியாக நாம். 1987-இல் தமிழ்நாடு கள்ளைத் தடை செய்தது. அதற்கப்புறம் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் கோபாலபுரம் தேடி வந்தார்கள். 1996 ஏப்ரல் 1 அன்று கேரளத்தில் சாராயக்கடைகளை மூடினார்கள். கள்ளுக்கடைகள் தொடர்ந்து நடந்தன. தெற்கு ஜில்லாக்களுக்கு இன்றைக்கும் நம் தோப்புக் கள்தான் வண்டியேறிப் போகிறது. இத்தனையும் நம் வாசலில் நடந்தது. நம் அலமாரியில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தோப்பு வேலைக்காரரும் வண்டிக்காரரும் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் கள்ளுக்கடை. கப்பைக்கிழங்கு, மீன் குழம்பு, போட்டி வறுவல். கடைக்குப் பின்னால் அடுப்படியில் வெந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பெயர் எந்த லைசென்ஸிலும் வராது. நான் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்?

எண்பது தாண்டிய மரமேறி ஒருவரைப் பார்த்தேன். பரணிலிருந்து ஒரு சாண் நீள எலும்பை எடுத்துக் கொடுத்தார். உள்ளே மணல் அடைத்தது. கை பட்டுப் பட்டுத் தந்தம்போல வழவழப்பாக இருந்தது. “இதுல தட்டித் தட்டிப் பதம் பண்ணாம பாளை சுரக்காதுங்க சார். அடிச்சாலும் கெட்டுப்போகும், தடவுனாலும் பத்தாது” என்றார். கட்டில் விளிம்பில் தட்டியும் காட்டினார். அந்தத் தாளத்தை நான் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அவர் இல்லை.

இதுவரை ஒன்பது கடைகளின் கதை நோட்டில் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் நான் தனியாகத்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வருவதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் ஏழு பேர். ஒருவர் ஒருநாள் வந்தார். மழை, கல்யாணம், ஊரில் இல்லை என்று காரணங்கள் வந்தன, ஆட்கள் வரவில்லை. சந்தாவும் அப்படித்தான். பாதிப் பேருக்கு மேல் பாக்கி. சிலருக்கு மூன்றாம் ஆண்டு. பேரை இங்கே படிக்க எனக்கு மனமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். கூரை ஓடு மாற்றிய செலவு போகக் கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது. என் பெட்ரோல் செலவை நான் எழுதவில்லை.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாற்காலி தந்த பந்தல்காரருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் இருப்பேனா என்பது உங்கள் முடிவு. யார் வந்தாலும் வேலை நிற்கக் கூடாது. கேட்கவேண்டிய பெரியவர்கள் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், மூவர் படுக்கையில். மலையாளம் வேகமாக எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். மூடிப்போன கடையொன்றின் பெயர்ப்பலகையைக் கொடுத்தார்கள். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, ஓரம் செல்லரித்திருக்கிறது. அது என் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. ஈரமில்லாத அறை யாரிடமாவது இருந்தால், இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடிப்பதற்குள் சொல்லுங்கள்.

செயலாளர்