அந்தச் ‘சோதனை’ நான் அனுப்பியதுதான்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு நலம். கண் அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாயா? போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பதாகச் சொன்னாய். இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் பெரிதாகத்தான் எழுதுகிறேன். இதைச் சிக்னல் செயலியிலேயே செய்தியாகத் தட்டி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். அதில் வருவது நான்தானா என்பதுதானே இப்போது நமக்குள் வழக்கு! என் கோழிக்கிறுக்கலை யாராலும் போலி செய்ய முடியாது என்பதால் காகிதத்தை எடுத்தேன்.

அன்றிரவு போனில் அரைகுறையாகச் சொன்னதன் முழுக்கதை இது.

வீட்டு மூலையில் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, உள்ளே லினக்ஸ் இயங்குதளம் மட்டும். இரவு 2 மணிக்குப் படங்களையும் கோப்புகளையும் வெளி வட்டில் நகலெடுத்து வைப்பது அதன் வேலை. வட்டு நிரம்பி 12 நாளாக நகலே எடுக்கவில்லை என்பது எனக்கு 13-ஆம் நாள்தான் தெரிந்தது. கோளாறு வந்தால் அதுவே எனக்கு ஒரு வரி எழுதிச் சொல்லட்டும் என்று நினைத்தேன். மின்னஞ்சலை நான் திறப்பதே இல்லை. சிக்னலைத்தான் பார்க்கிறேன். தேடியபோது சிக்னல்-சிஎல்ஐ என்ற கருவி கிடைத்தது. சிக்னல் நிறுவனத்தார் செய்ததல்ல, வெளியில் இருப்பவர்கள் ஜாவாவில் எழுதி, நிரலைத் திறந்து வைத்திருப்பது. படம், பொத்தான், குமிழி எதுவும் இல்லை. கட்டளை வரியில் எண்ணையும் செய்தியையும் எழுதி என்டர் தட்டினால் போய்விடும்.

கணக்கை அதில் கொண்டுவர இரண்டு வழி. ‘லிங்க்’ என்றால், உன் மடிக்கணினியைப் போனோடு இணைத்திருக்கிறாயே, அதுபோல இன்னொரு சாதனமாகச் சேரும். ‘ரெஜிஸ்டர்’ என்றால் அந்த எண்ணையே புதிதாகப் பதிவுசெய்யும். நான் எதைத் தட்டியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

வெட்கக்கேடு என்னவென்றால், அது என்னை வழியெல்லாம் தடுத்துப் பார்த்தது. முதலில் நான் மனிதன்தானா என்று கேட்டது. பிரவுசரில் கேப்சா பக்கத்தைத் திறந்து, படங்களைச் சொடுக்கி, கிடைத்த நீளமான இணைப்பைக் கவனமாக நகலெடுத்து ஒட்டினேன். பிறகு எஸ்எம்எஸ்ஸில் 6 இலக்கக் குறியீடு வந்தது. அதையும் கொடுத்தேன். ஒரு கணினியைக் கூடச் சேர்ப்பதற்கு ஏன் இத்தனை சடங்கு என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் முடிந்து, பெருமையோடு உனக்கு ‘சோதனை’ என்று ஒரே ஒரு சொல் அனுப்பிவிட்டுப் போனை எடுத்தால், இந்தச் சாதனம் இனிப் பதிவில் இல்லை என்கிறது. என் எண்ணை என்னிடமிருந்து நானே திருடியிருந்தேன்.

உன் திரையில் அப்போது என்ன வந்தது என்பது இப்போது புரிகிறது. நம் இருவருக்குமான பாதுகாப்பு எண் மாறிவிட்டது என்று ஒரு வரி. அதன் கீழே, பத்து நாளாகப் பேசாத நண்பனிடமிருந்து ‘சோதனை’.

இங்கே என் பக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. வந்ததை எடுத்துக்கொடு என்று ‘ரிசீவ்’ கட்டளையை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் செயலியில் மூன்று புள்ளிகளாகத் துள்ளுவது இதில் தனித்தனிச் செய்தியாக, நேரத்தோடு, வரிசையாக வந்து விழுகிறது. தட்டத் தொடங்கினார். நிறுத்தினார். தொடங்கினார். நிறுத்தினார். நான்கு முறை. ஏறக்குறைய இரண்டு நிமிடம். கடைசியில் வந்தது: ‘இது நீதானா?’ நான் ‘நானேதான்’ என்றேன். திருடனும் அதைத்தான் சொல்லியிருப்பான். நீ பதிலே எழுதாமல் நேராகப் போன் செய்தாய் பார், அதுதான் சரியான காரியம். அந்த வரி எத்தனையோ பேர் திரையில் வந்திருக்கும். ஏன் என்று கேட்டவன் நீ ஒருவன்தான்.

எண் ஏன் மாறியது என்று கேட்டாயே. ஒவ்வொரு கணக்குக்கும் அடையாளச் சாவி என்று நீளமான எண் ஒன்று உண்டு. என் சாவியிலிருந்து 30 இலக்கம், உன் சாவியிலிருந்து 30 இலக்கம், இரண்டையும் சேர்த்தால் அந்த 60 இலக்கப் பாதுகாப்பு எண். ‘லிங்க்’ செய்திருந்தால் கணினியும் அதே சாவியைத்தான் பகிர்ந்திருக்கும், உனக்கு எதுவும் தெரிந்திருக்காது. புதிதாகப் பதிவு செய்ததால் புதுச் சாவி. பிறகு போனில் மறுபடி பதிந்து கணக்கை மீட்டேன். அன்றிரவு அந்த வரி உனக்கு ஒன்றுக்கு மேல் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதன்பின் ஒழுங்காக ‘லிங்க்’ செய்தேன். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் ஒரு நீண்ட முகவரி வந்தது, அதை அங்கேயே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வரையச் செய்து, போனின் கேமராவைக் காட்டினேன். அரை நிமிட வேலை. கேப்சாவும் கிடையாது, குறியீடும் கிடையாது.

ஒன்று செய். போனில் சிக்னல் அமைப்புகளுக்குள் பதிவுப் பூட்டு என்று ஒன்று இருக்கும். அதை இன்றே போட்டுவிடு. போட்டால், எஸ்எம்எஸ் குறியீடு கையில் கிடைத்தவனும் உன் பின் எண் இல்லாமல் உன் எண்ணைப் பதிய முடியாது. நான் போட்டு வைத்திருந்தால் அன்றிரவே சுவரில் முட்டி நின்றிருப்பேன்.

சரி, இப்போது நன்றாக ஓடுகிறதா என்றால், ஓடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு கண்டதுதான் எனக்கு உறுத்தல். சிக்னலின் மறையாக்கம், அதாவது செய்தியைப் பூட்டி அனுப்பும் முறை, எத்தனை பிடிவாதமானது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புதுச் சாவி, பயன்படுத்தியதும் அழித்துவிடும். இன்றைய சாவி திருட்டுப் போனாலும் நேற்றைய செய்தியைத் திறக்க முடியாது. 2016-இல் அமெரிக்காவில் நீதிமன்றம் வழியாக ஒரு கணக்கின் விவரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஏற்பாடு.

போன வாரம் வேறொரு கட்டளையைத் தேடி டெர்மினலில் மேல்நோக்கு அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனேன். ஐந்தாவது தட்டில் வந்து நின்றது, உன் எண்ணும் உன் அறுவையைப் பற்றி உனக்கு எழுதிய வரியும், எழுத்துக்கு எழுத்து அப்படியே. கட்டளைகளை வாங்கி ஓடவிடும் ஷெல் என்ற நிரல் எல்லாக் கட்டளைகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கும். நான் செய்தியைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டியதால் செய்தியும் அங்கே குடியேறிவிட்டது. கட்டளை ஓடுகிற அந்த ஓரிரு நொடியில், அதே கணினியில் வேறு யாராவது நுழைந்து இயங்கும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால் அதிலும் தெரியும். வழி இல்லாமல் இல்லை. செய்தியைக் கட்டளையில் எழுதாமல் உள்ளீடாகத் தனியே கொடுக்கலாம். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அது போகட்டும், இது கேள். சாவிகள் எல்லாம் என் ஹோம் அடைவில், அதாவது என் கோப்புகள் எல்லாம் இருக்கும் கோப்புறையில், ஒரு மறைவான உட்கோப்புறைக்குள் இருக்கின்றன. என் கணினி இரவு 2 மணிக்கு எதை நகலெடுக்கிறது? அந்த ஹோம் அடைவை. பூட்டில்லாத வெளி வட்டில். கோளாறைச் சொல்லச் சிக்னலைக் கொண்டுவந்தேன், அந்தச் சிக்னலின் சாவிக்கொத்தையே இரவுக்கு ஒரு நகல் எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கோப்புறையை விலக்கிவிட்டேன், வட்டையும் மறையாக்கம் செய்துவிட்டேன். முனைக்கு முனை மறையாக்கம் என்கிறோமே, நடுவில் யாரும் பார்க்க முடியாது என்பதுதான் அதன் வாக்குறுதி. முனையில் உட்கார்ந்திருப்பவன் கவனமாக இருப்பான் என்று அது எங்கும் சொல்லவில்லை. டெர்மினலுக்கு ‘முனையம்’ என்று தமிழில் பெயர் வைத்தவர் இதை நினைத்து வைத்திருக்க மாட்டார், ஆனாலும் பொருத்தம்.

இன்னொரு தொல்லை, சிக்னல்-சிஎல்ஐயின் மூன்று மாதத்துக்கு மேல் பழைய பதிப்பை வைத்திருந்தால் சரியாக ஓடும் என்று சொல்ல முடியாது. சர்வர் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும், இதுவும் கூடவே ஓட வேண்டும். உனக்கு இது தேவையில்லை. போன் செயலியே போதும்.

ஆனால் எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது. ஒருவருடைய சாவி மாறினால் போன் செயலி பெரும்பாலும் ஒரு வரி காட்டிவிட்டு நகர்ந்துவிடும். இது அனுப்பவே மறுக்கும், நம்பத்தகாத அடையாளம் என்று முகத்தில் அடித்ததுபோல் சொல்லிவிட்டு நிற்கும். புது எண்ணைச் சரிபார்த்தேன் என்று அதை நானே கட்டளையில் எழுதிக் கொடுத்தால்தான் விடும். எல்லாவற்றையும் நம்பு என்று சுருக்குவழியும் உண்டு. அதைத் தட்டவில்லை. அன்றிரவு நீ நடந்துகொண்டது போலவே நடந்துகொள்கிற ஒரு நிரலிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

நீ என் குரலைக் கேட்டு நம்பிவிட்டாய், ஆனால் சாவியை நாம் இன்னும் ஒப்பிடவில்லை. 60 இலக்கத்தையும் இங்கேயே எழுதியிருப்பேன். என் 1-உம் 7-உம் ஒன்றுபோல இருக்கும் என்று பள்ளி நாளிலிருந்து நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய், அதனால் வேண்டாம். ஞாயிறு காலை 10 மணிக்குச் சாதாரண போனில் அழைக்கிறேன். அதற்குமுன் சிக்னலில் என் பெயரைத் தொட்டு, பாதுகாப்பு எண்ணைத் திறந்து வைத்துக்கொள். ஐந்தைந்தாக 12 தொகுதி இருக்கும். நீ ஒன்று படி, நான் ஒன்று படிக்கிறேன். கண்ணாடியை மறக்காதே.

அன்புடன்,
‘சோதனை’ அனுப்பியவன்