மாஹேபூரில் ஒரு திங்கட்கிழமை

அன்புள்ள கமலி,

உன் கடிதம் வந்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

நேற்று மாஹேபூருக்குப் போய் வந்தேன். மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையில் இருக்கிற சின்ன ஊர். திங்கட்கிழமைதான் அங்கே பெரிய சந்தை என்று நான் தங்கியிருக்கும் வீட்டு அக்கா சொன்னார், அதனால் காலையிலேயே மேட்டு ஊரான க்யூர்பிப்பில் தூறலோடு பஸ் ஏறினோம், கீழே இறங்க இறங்க நல்ல வெயில். சந்தையில் முதல் வேலை கத்தோ பிமாங். நம்ம பருப்பு வடையேதான் கமலி! சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, மிளகாயும் வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் போட்டுப் பொரிக்கிறார்கள், சுடச்சுட வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து அமுக்கித் தருகிறார்கள். நான் இரண்டாவதும் கேட்டு வாங்கினேன்.

அப்புறம் ரோ குடும்பத்தாரின் பிஸ்கட் பட்டறை. 1870-லிருந்து மரவள்ளிக்கிழங்கு மாவில் பிஸ்கட் செய்கிறார்கள். சூடான தகட்டின்மேல் சட்டத்தை வைத்து மாவைப் பரப்புகிறார்கள், அடியில் எரிவது காய்ந்த கரும்புச் சோகை. அந்தப் புகை வாசம் என் துப்பட்டாவில் இன்னும் இருக்கிறது.

மியூசியத்தில்தான் அதிக நேரம் இருந்தோம். பழைய பிரெஞ்சு மாளிகை. 1810 ஆகஸ்டில் இந்த விரிகுடாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயக் கப்பல்களைத் தோற்கடித்தார்கள், பாரிசின் வெற்றி வளைவில்கூட அந்தச் சண்டையின் பெயர் இருக்கிறது. ஆனால் அதே டிசம்பரில் தீவே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. எனக்கு மனதில் நின்றது வேறு. காயம்பட்ட இரண்டு தளபதிகளையும், பிரெஞ்சுக்காரர் துப்பெரேயையும் ஆங்கிலேயர் வில்லோபியையும், இந்த ஒரே வீட்டில் வைத்துத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் யார் ஜெயித்தார் என்று மட்டும் எழுதி மார்க் வாங்கினோமே, இதையும் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

மதியத்துக்கு மேல் கடலோரத்தில் உட்கார்ந்துவிட்டோம். எதிரே சிங்க மலை, கரையில் மீன்பிடிப் படகுகள். அக்கா தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர் லா பூர்தொன்னே இங்கே கவர்னராக இருந்த காலத்திலேயே, 1730-களில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் இங்கே வந்திருக்கிறார்கள். இவருடைய முன்னோர் அதற்கு வெகு காலம் கழித்துக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களாம். வீட்டில் பேச்சு முழுக்க கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர் மொழி. தமிழை அவர் பள்ளியில் படித்தார், இப்போது பேத்திக்குச் சொல்லித் தருகிறார். தேவாரம் பாடும்போது ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. பிறந்ததிலிருந்து தமிழ் பேசும் நான் எத்தனை பதிகம் மனப்பாடமாக வைத்திருக்கிறேன், சொல்!

வியாழக்கிழமை புளூ பே போகிறோம், கண்ணாடி அடி வைத்த படகில் பவளப்பாறை பார்க்கலாமாம். உன் மகளுக்கு வேலை விஷயம் என்ன ஆயிற்று? உடனே எழுது.

அன்புடன்,
மீனா