விற்காத டிக்கெட்டின் கணக்கு

ஹார்ட்ஃபோர்டு, கனெக்டிகட்
2 மார்ச் 2025

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். லீவு கிடைக்காமல் வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். ஊருக்கு வரும்போது பொண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன். அலைச்சலில் முழங்கால் வலி கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் சொன்ன பயிற்சியை விடாதே. இங்கே நாங்கள் நலம். குளிர் இன்னும் குறையவில்லை. மகள் யூகானில், அதாவது கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில், கடைசி வருஷம், மே மாதம் பட்டம் வாங்கிவிடுவாள்.

போன டிசம்பரில் பாஸ்டனிலிருந்து நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, பேஸ்பால் மைதானத்தில் ஏன் ஃபுட்பால் ஆடுகிறார்கள், காலேஜ் பசங்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டமா, இதில் காசு யாருக்குப் போகிறது என்று கேட்டிருந்தாய். முதல் இரண்டு கேள்விகளை யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். மூன்றாவதை வங்கியில் இருந்தவன்தான் கேட்பான். நானும் கொஞ்ச நாளாக அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபுட்பால் என்றால் நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். இங்கே காலேஜ் ஃபுட்பால் சீசன் நவம்பர் கடைசியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். குறைந்தது ஆறு ஆட்டம் ஜெயித்த அணிகளை டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் வேறு ஏதோ ஓர் ஊரில் இன்னும் ஓர் ஆட்டம் ஆட அழைப்பார்கள். அதுதான் பௌல் கேம். இப்போது வருஷத்துக்கு நாற்பதுக்கு மேல் நடக்கின்றன. தொடங்கிய கதையைத் தெரிந்துகொண்டால் காசு விஷயம் பாதி புரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரில் புத்தாண்டு தினத்தன்று பூ அலங்கார ஊர்வலம் நடத்தி வந்தார்கள். அதற்கு இன்னும் கூட்டம் சேர்க்க 1902-ல் ஓர் ஆட்டம் வைத்தார்கள். மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று அடித்துத் துவைத்தது. அதோடு ஃபுட்பாலை விட்டுவிட்டு, 1916-ல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். அப்புறம் முப்பதுகளில், நாடே வேலையில்லாமல் தவித்த காலத்தில், மயாமி, நியூ ஆர்லியன்ஸ், எல் பாஸோ, டாலஸ் என்று வெயில் அடிக்கிற ஊர்கள் ஒவ்வொன்றாகத் தங்களுக்கும் ஓர் ஆட்டம் வைத்துக்கொண்டன. வடக்கே பனியில் உறைந்து கிடப்பவர்களை ரயிலேற்றி வரவழைத்து, ஹோட்டல் அறைகளை நிரப்புவதுதான் நோக்கம். டிக்கெட் வாங்குகிறவன் ரசிகன் மட்டும் இல்லை, இரண்டு மூன்று நாள் தங்கிச் செலவழிக்கிற பயணியும்கூட. அந்தப் பயணியைக் கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பைக் காலப்போக்கில் காலேஜ்களின் தலையில் கட்டிவிட்டார்கள்.

எப்படிக் கட்டினார்கள் என்பதற்கு மகள் படிக்கிற காலேஜே சாட்சி. அவள் அப்போது சின்னக் குழந்தை. 2010 சீசனில் யூகான் தன் கான்ஃபரன்ஸில், அதாவது ஒன்றோடொன்று ஆடுகிற காலேஜ்களின் கூட்டணியில், முதலிடம் பிடித்தது. அரிஸோனாவில் க்ளெண்டேல் என்ற ஊரில் 2011 புத்தாண்டு அன்று நடந்த ஃபியஸ்டா பௌலுக்கு அழைப்பு வந்தது. இந்த மாநிலத்துக்கு அது பெரிய பெருமை. ஆனால் அழைப்போடு ஒரு நிபந்தனையும் வந்தது. 17,500 டிக்கெட்டுகளைக் காலேஜ் முழு விலைக்கு ஏற்றுக்கொள்ள வேண்டும். விற்றால் சரி, விற்காவிட்டால் அந்தப் பணம் காலேஜ் கையிலிருந்து போகும். நீ இப்போதுதான் கல்யாணம் நடத்தி முடித்திருக்கிறாய், உனக்குச் சுலபமாகப் புரியும். சமையல்காரரிடம் இத்தனை இலை என்று உறுதி சொல்லிவிட்டால், சாப்பிட ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அத்தனை இலைக்கும் காசு எண்ணி வைக்க வேண்டும் இல்லையா, அந்தக் கணக்குதான்.

ஆள் வரவில்லை. வர முடியவில்லை என்பதுதான் சரி. கனெக்டிகட்டிலிருந்து க்ளெண்டேல் கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். விடுமுறைக் காலத்து விமானக் கட்டணம், ஹோட்டல், அதன்மேல் டிக்கெட். காலேஜ் கையில் இருந்த டிக்கெட்டில் மலிவானதே 100 டாலருக்கு மேல். அதே நேரத்தில், அதே ஆட்டத்துக்கு, மறுவிற்பனைத் தளங்களில் அதைவிடப் பல மடங்கு மலிவாக டிக்கெட் கிடைத்துக்கொண்டிருந்தது. கிளம்பிப் போன ரசிகனும் அங்கேதான் வாங்கினான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. காலேஜ் தலையில் நின்ற டிக்கெட்டின் மதிப்பு 29 லட்சம் டாலர். கான்ஃபரன்ஸ் பயணச் செலவுக்கென்று 25 லட்சம் கொடுத்தும், அணி, வாத்தியக் குழு, அதிகாரிகள் எல்லோரும் போய் வந்த செலவையும் சேர்த்து, கடைசியில் 16 லட்சம் டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. இது மாநில அரசுக் காலேஜ். மாணவர்கள் கட்டுகிற ஃபீஸிலும் ஒரு பங்கு விளையாட்டுத் துறைக்குப் போகிறது. ஆட்டத்தில் எதிரணி ஓக்லஹோமா 48–20 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்த கையோடு பயிற்சியாளர் மேரிலாந்துக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

யூகான் சின்ன அணி, அதனால்தான் இப்படி என்று சொல்ல முடியாது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2009 புத்தாண்டு அன்று, மயாமியில் ஆரஞ்சு பௌல் ஆடிய வர்ஜீனியா டெக் என்ற காலேஜுக்கும் இதே 17,500 டிக்கெட்தான். ஃபுட்பால் வெறி பிடித்த ஊர் அது. ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். அவர்களாலும் அதில் கால்வாசிகூட விற்க முடியவில்லை.

பிறகு ஏன் காலேஜ்கள் மாட்டேன் என்று சொல்வதில்லை? பெரிய பௌல்கள் கொடுக்கிற பணம் நேராகக் காலேஜுக்கு வருவதில்லை, கான்ஃபரன்ஸுக்குப் போய் எல்லா உறுப்பினர்களுக்கும் பங்காகிறது. போகிற அணிக்குச் செலவு, வீட்டில் உட்கார்ந்திருக்கிற அணிக்கும் வரவு. ஒருவர் மறுத்தால் மற்றவர்கள் பங்கில் கை வைத்ததாகிவிடும். தவிர, பயிற்சியாளர்களின் ஒப்பந்தத்தில் பௌலுக்குப் போனாலே போனஸ் என்று எழுதியிருக்கும். பௌலுக்குப் போகிற அணிக்குக் கூடுதலாகச் சில வாரம் பயிற்சியும் கிடைக்கும். புதுப் பையன்களைச் சேர்க்கும்போது சொல்லிக்கொள்ள ஒரு பெருமை. முடிவு எடுப்பவர்களுக்கு எல்லாம் ஆதாயம், பில் மட்டும் வேறு ஒருவருக்கு.

என்னை மிகவும் கோபப்படுத்தியது அடுத்த விஷயம். இந்தப் பௌல்களை நடத்திய அமைப்புகள் பெரும்பாலும் வருமானவரி விலக்குப் பெற்ற, லாப நோக்கில்லாத சங்கங்கள். யூகான் பணத்தை இழந்த அதே ஃபியஸ்டா பௌலை எடுத்துக்கொள். அதன் தலைவர் ஜான் ஜங்கர், ஊழியர்களை அரசியல்வாதிகளுக்குத் தேர்தல் நன்கொடை கொடுக்கச் சொல்லி, அந்தப் பணத்தைச் சங்கக் கணக்கிலிருந்தே அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். தன் ஐம்பதாவது பிறந்தநாளைக் கலிஃபோர்னியாவில் பெபிள் பீச் என்ற கோல்ஃப் சொகுசு விடுதியில் 30,000 டாலருக்கு மேல் சங்கப் பணத்தில் கொண்டாடியிருக்கிறார். முதலில் வெளியே கொண்டுவந்தது அரிஸோனா ரிபப்ளிக் பத்திரிகை. 2011 மார்ச்சில் அவரை நீக்கினார்கள். 2012-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2014-ல் எட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஃபியஸ்டா பௌலுக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். மாணவன் ஃபீஸிலிருந்து காலேஜுக்கு, காலேஜிலிருந்து விற்காத டிக்கெட் வழியாகச் சங்கத்துக்கு என்று பணம் போன பாதையை நீ ஒரு தாளில் வரைந்து பார். எனக்கு வந்த கோபம் உனக்கும் வரும்.

அந்த ஊழலுக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. டிக்கெட் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், நஷ்டத்தைக் கான்ஃபரன்ஸ்கள் தாங்கிக்கொள்ளத் தொடங்கின. ஆனால் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது நியாய உணர்ச்சி இல்லை, டிவிதான். 2014 சீசனிலிருந்து, நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்க நாலு அணிகள் மோதும் பிளேஆஃப் வந்தபோது, ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு டிவி நிறுவனம் பன்னிரண்டு வருஷத்துக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டது சுமார் 564 கோடி டாலர். அடுத்ததாகப் போன வருஷம் போட்ட ஒப்பந்தம் ஆறே வருஷத்துக்கு 780 கோடி. இந்தத் தொகைக்கு முன்னால் கேலரி டிக்கெட் எம்மாத்திரம்? சின்னப் பௌல்களில் பலவற்றை ஈஎஸ்பிஎன்னே சொந்தமாக நடத்துகிறது. கிறிஸ்மஸ் வாரத்தில் வீட்டில் இருக்கிறவர்கள் டிவி பார்க்க ஏதாவது வேண்டும், ஆட்டம் அதற்கு. ஸ்பான்சர் கம்பெனியின் பெயர் பௌலின் பெயரோடு சேர்ந்து மூன்றரை மணி நேரம் ஒலிக்கும். மைதானத்தில் பாதி இருக்கை காலியாக இருந்தாலும் கணக்கு நேராகிவிடும்.

ஆனால் காலி மைதானத்தில் ஆட எந்தப் பையனுக்கு மனசு வரும்? 2016 சீசன் கடைசியில் லெனார்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்ற இரண்டு நட்சத்திர ஆட்டக்காரர்களும் தங்கள் அணிகளின் பௌல் கேமில் ஆடவில்லை. காயம் பட்டால் தொழில்முறை லீகில் கிடைக்கப்போகிற சம்பளம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அப்போது அதைப் பெரிய துரோகம் மாதிரி பேசினார்கள். இப்போது அது சாதாரணம், அதோடு சீசன் முடிந்ததும் வேறு காலேஜுக்கு மாறிப் போகிற வழக்கமும் சேர்ந்துவிட்டது. 2023 டிசம்பரில் ஒரு தோல்விகூட இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட்டைப் பிளேஆஃபில் சேர்க்காமல் ஆரஞ்சு பௌலுக்கு அனுப்பினார்கள். முக்கியமான ஆட்டக்காரர்கள் பலர் ஆடவில்லை. ஜார்ஜியா 63–3 என்று ஜெயித்தது. அதைப் பார்க்கக் காசு கொடுத்துப் போன ரசிகனை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

இந்த சீசனில்தான் ஒரு நல்லது நடந்தது. பிளேஆஃபைப் பன்னிரண்டு அணிகளாக்கி, முதல் சுற்றின் நாலு ஆட்டங்களையும் காலேஜ் மைதானங்களிலேயே வைத்தார்கள். நோட்ர டேம், பென் ஸ்டேட், டெக்ஸஸ், ஒஹாயோ ஸ்டேட். டிசம்பர் குளிரில் மைதானங்கள் நிரம்பி வழிந்தன. நாலு இடத்திலும் சொந்த ஊர் அணியே ஜெயித்தது. பணப் பங்கீடும் முன்பைவிடத் தெளிவு: பிளேஆஃபுக்குள் வந்தால் 40 லட்சம் டாலர், காலிறுதிக்குப் போனால் இன்னொரு 40 லட்சம், அரையிறுதிக்கு 60, இறுதிக்கு 60 என்று கான்ஃபரன்ஸுக்குப் போனது, சுற்றுக்கு 30 லட்சம் பயணச் செலவுக்குத் தனியாக. காலேஜுக்குப் பக்கத்தில் ஆட்டம் வைத்தால் டிக்கெட்டை யார் தலையிலும் கட்ட வேண்டியதில்லை என்பதற்கு அந்த நாலு ஆட்டமே போதும். காலிறுதியும் அரையிறுதியும் மறுபடி பெரிய பௌல்களுக்குப் போய்விடுகின்றன. காலிறுதியையாவது காலேஜ் மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

அந்த பாஸ்டன் போட்டோவும் இதே கதைதான். ஃபென்வே பார்க் 1912-லிருந்து ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் மைதானம். குளிர்காலத்தில் சும்மா கிடப்பதால் 2022-லிருந்து அங்கே ஒரு பௌல் நடக்கிறது. போன டிசம்பர் 28-ம் தேதி அங்கே யூகானும் நார்த் கரோலினாவும் ஆடின. இங்கேயிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். மகளும் அவள் சிநேகிதிகளும் ஒரு காரில், நாங்கள் ஒரு காரில். திரும்பின பக்கமெல்லாம் யூகானின் நீல நிறக் கோட்டு. வயசானவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், பழைய மாணவர்கள். யூகான் 27–14 என்று ஜெயித்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் விமானம் ஏறி வந்திருக்கத் தேவையில்லை, ராத்திரியே வீடு திரும்பிவிடலாம். 2011-ல் அரிஸோனாவுக்குப் போக முடியாதவர்கள் எத்தனையோ பேர் அதில் இருந்திருப்பார்கள்.

பௌல்களையே எடுத்துவிட வேண்டும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சின்னக் காலேஜ் பையன்கள் பலருக்குத் தொழில்முறை லீக் எல்லாம் எட்டாத தூரம். குடும்பம் பார்க்க, புது ஊரில், கடைசியாக ஒரு முறை காலேஜ் சட்டை போட்டு ஆடுகிற நாள் அவர்களுக்கு அது. அந்த நாள் இருக்கட்டும். டிக்கெட் உறுதி கேட்பதை அடியோடு நிறுத்த வேண்டும், அணிகளை முடிந்தவரை கிட்டத்து ஊருக்கு அனுப்ப வேண்டும், மாணவர்களை இலவசமாக உள்ளே விட வேண்டும். டிவியிலிருந்து இவ்வளவு கோடி வரும்போது பிள்ளைகளின் டிக்கெட் காசு எதற்கு?

ஒரு விஷயத்தில் உன் அபிப்பிராயம் வேண்டும். கான்ஃபரன்ஸ் பணத்தைச் சேர்த்து வைத்து எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது நியாயம் என்று நினைக்கிறேன், பலவீனமான காலேஜும் பிழைக்கும். ஆனால் செலவை மட்டும் போகிறவன் தலையில் விடுவது எந்தக் கணக்கு முறை? வரவைப் பொதுவில் வைத்தால் செலவையும் பொதுவில்தானே வைக்க வேண்டும்? கடன் கொடுத்து வாங்கின அனுபவத்தில் நீ என்ன சொல்கிறாய் என்று எழுது.

மகளுக்கு வேலை விஷயமாக இரண்டு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது முடிவானால் ஆகஸ்டில் நாங்கள் மூவரும் மதுரை வருகிறோம். அப்போது நீ ஊரில் இருப்பாயா, பொண்ணு வீட்டுக்குச் சென்னை போய்விடுவாயா என்று தெரிந்தால் டிக்கெட் போட வசதியாக இருக்கும். கல்யாண ஆல்பம் வந்ததும் அனுப்பு. தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் ரூம்மேட்