பழைய வீட்டில் முதல் வருஷம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இரண்டு முறை படித்துவிட்டேன். "ராத்திரியில் மாடியில் யாரோ நடக்கிற மாதிரி இருக்கிறது, எழுந்து விளக்கைப் போட்டால் யாருமில்லை" என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அதனால் மற்ற சங்கதிகளைப் பின்னால் வைத்துக்கொண்டு முதலில் இதை எழுதுகிறேன்.

பயப்படாதே. அது வீடு சூடு ஆறுகிற சத்தம். பகல் முழுக்கக் காய்ந்த கூரையும் உத்திரமும் இரும்புச் சட்டமும் பொழுது சாய்ந்ததும் சுருங்க ஆரம்பிக்கும். நாம் ஆய்வகத்தில் செய்த வெப்ப விரிவுச் சோதனை ஞாபகம் இருக்கிறதா? 4 மீட்டர் இரும்பு 10 டிகிரி ஆறினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் குறையும். மரம் நீளவாக்கில் அவ்வளவு சுருங்காது. ஒன்று இழுக்கும், மற்றொன்று விடாது. உராய்வு தாங்குகிற வரைக்கும் இரண்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும், அப்புறம் சட்டென்று நழுவும். அந்த நழுவல்தான் 'டக்'. ஒரு மூட்டு நழுவினால் பாரம் அடுத்த மூட்டுக்குப் போகிறது, அதுவும் நழுவுகிறது. அதனால்தான் வரிசையாகக் காலடி வைக்கிற மாதிரி கேட்கிறது.

நான் ஒரு வாரம் தலையணைக்குப் பக்கத்தில் நோட்டு வைத்துக்கொண்டு நேரத்தைக் குறித்தேன். நல்ல வெயில் அடித்த நாட்களில் பதினோரு மணிக்கு ஆரம்பித்து ஒரு மணி வரை கேட்டது. நாள் முழுக்க மேகமாக இருந்த இரண்டு நாளும் ஒரு சத்தமும் இல்லை. நோட்டை மூடி வைத்தேன், அன்றைக்கு வந்தது பார் தூக்கம். நீயும் ஒரு வாரம் குறித்துப் பார். நான் சொல்லி நம்புவதைவிட உன் கையெழுத்தில் எழுதிப் பார்த்தால் மனசு அடங்கும்.

அடுத்து, "வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் சரிபண்ணிவிடப் போகிறேன், தச்சர், கொத்தனார் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்ததும்தான் உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் பொறு. ஒரு வெயில், ஒரு மழை, ஒரு குளிர் மூன்றையும் அந்த வீட்டுக்குள் இருந்து பார். எது எந்த மாதத்தில் என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகு உளியை எடுக்கலாம். நான் பொறுக்கவில்லை. அதனால் இரண்டு காரியம் கெட்டது.

ஒன்று, படுக்கையறைக் கதவு. வந்த முதல் மழைக்காலத்திலேயே நிலையில் சிக்கிக்கொண்டது. தோளால் இடித்தால்தான் திறக்கும். தச்சரைக் கூப்பிட்டு ஓரத்தைச் சீவச் சொன்னேன். அவர் "மழை விடட்டுமே அம்மா" என்றார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இழைப்புளி போட்டு நேர்த்தியாகச் சீவிக் கொடுத்தார். நாலு மாதம் கழித்து வெயில் ஏறியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிற இடைவெளி. தாழ்ப்பாளின் நாக்கு குழியை எட்டவே இல்லை.

மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் திரும்பக் கொடுத்துச் சுருங்கும். வெட்டி நூறு வருஷமானாலும் அந்தக் குணம் போகாது. உப்புவதும் அகலவாக்கில்தான், உயரம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அகலமான பலகைக் கதவு மழைக்கும் வெயிலுக்கும் நடுவே நாலைந்து மில்லிமீட்டர் கூடிக் குறைவது சாதாரணம். ஆக, நான் சீவித் தள்ளியது கதவுக்கு வெயில் காலத்தில் வேண்டியிருந்த மரத்தை.

உன் வீட்டுச் சமையலறைக் கதவும் பிடிக்கிறது என்றாய். ஓரத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டு மூடித் திற. பூட்டுப் பக்கம் மேல் மூலையில் மட்டும் சாக்கு அழிந்தால், மேல்கீலின் திருகு தளர்ந்து கதவு தொங்குகிறது என்று அர்த்தம். நீளத் திருகாகப் போட்டு இறுக்கினால் போதும், சீவ வேண்டாம். ஓரம் முழுக்க அழிந்தால் அது ஈரம். மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு அந்தப் பருவத்தைக் கடத்து. இன்னொன்றும் பார்த்துவிடு. கதவின் தலையையும் அடியையும் கையால் தடவிப் பார். முன்னும் பின்னும் பளபளவென்று பெயிண்ட் அடித்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு இடத்தையும் விட்டிருப்பார்கள். செங்குத்துச் சட்டங்களின் வெட்டுவாய் அங்கேதான் இருக்கிறது, ஈரம் மளமளவென்று ஏறுகிற இடமும் அதுதான். நல்ல வெயிலில் கதவைக் கழற்றி அங்கே இரண்டு கோட் அடி. இந்த வீட்டின் மற்ற கதவுகளுக்கு அதை மட்டும்தான் செய்தேன். ஒன்றும் பிடிப்பதில்லை.

இரண்டாவது காரியம் எனக்கு இன்னும் மனசில் உறுத்துகிறது. கூடத்தில் வடக்குச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். பூச்சு பொரிந்து, விரலால் தொட்டால் மாவாக உதிரும். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். சிமெண்ட் வைத்துப் பூசச் சொன்னேன். ஒரு வருஷம் சுவர் புதுசு மாதிரி இருந்தது. அடுத்த வருஷம் சிமெண்ட் பட்டைக்கு மேலே, இடுப்புயரத்தில், அதே ஓதம். அதற்கும் அடுத்த வருஷம் சிமெண்ட் பட்டையே உப்பி நின்றது. தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளல் சத்தம். அதைப் பெயர்த்தபோது செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிட்டது. நூறு வருஷம் முழுசாக இருந்த கல், நான் கை வைத்த மூன்று வருஷத்தில் போயிற்று.

இப்போது நாம் பூசுகிற போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார் காப்புரிமை வாங்கியது 1824-இல்தான். அது எல்லா இடத்துக்கும் வந்து சேர இன்னும் பல காலம் ஆயிற்று. அதற்கு முன் கட்டியதெல்லாம் பெரும்பாலும் மண், இல்லாவிட்டால் சுண்ணாம்புக் காரை. அந்தச் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பூச்சு வழியாகவே காற்றில் விட்டுவிடும். முகத்தில் சிமெண்டைப் பூசியதும் அந்த வழி அடைபட்டது. உள்ளே வந்த நீர் எங்கே போகும்? மேலே ஏறிப் பட்டையைத் தாண்டி வெளியே வந்தது. நீரோடு வந்த உப்பு சிமெண்டுக்குப் பின்னால் படிகமாகி, கல்லைப் பிளந்தது.

கடைசியில் ஒரு வயதான கொத்தனார் வந்தார். சுவரைத் தொடவே இல்லை. நேராக வெளியே போய், சுவரோரம் குவிந்திருந்த மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார். உள்தரையைவிட வெளிமண் ஒரு சாண் உயரம். மேலே பார்த்தார், கூரைத் தண்ணீர்க் குழாய் உடைந்து சுவரிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. மண்ணை வெட்டித் தாழ்த்தி, குழாயை மாற்றி, ஆறு மாதம் சுவரைச் சும்மா காயவிட்டார். அப்புறம்தான் சுண்ணாம்புப் பூச்சு, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே நாள் கணக்கில் இடைவெளி விட்டு. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெதுவாக வாங்கித் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாகும். அதை அவசரப்படுத்த முடியாது. மயிரிழை விரிசல் விட்டால் மழை ஈரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு கரைந்து அங்கேயே படிந்து தானாக மூடிக்கொள்வதும் உண்டு. இப்போது அந்தச் சுவரில் கன்னத்தை வைத்தால் குளுகுளுவென்று இருக்கிறது, ஆனால் காய்ந்த குளிர்ச்சி.

தண்ணீர்க் குழாயை மூடினதும் சுவருக்குள் 'தடார்' என்கிறது என்று எழுதியிருந்தாயே, அது ஓடுகிற நீரைச் சட்டென்று நிறுத்துவதால். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் நீரை இரும்புக் குழாயில் ஒரே வெட்டாக நிறுத்தினால், வளிமண்டல அழுத்தத்தைப் போல 12 மடங்குக்குக் கிட்ட ஒரு அடி எழும். ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1898-இலேயே இதைக் கணக்காக எழுதிவைத்தார். குழாயை மெதுவாக மூடு, தளர்ந்த கிளாம்பை பிளம்பரிடம் சொல்லி இறுக்கு. அவ்வளவுதான்.

ஜன்னல் கண்ணாடி நெளிநெளியாக இருக்கிறது, மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து மாற்றாதே. கண்ணாடி வருஷக்கணக்கில் வழிந்து கீழே தடித்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள், அது சரியில்லை. சாதாரண வெப்பத்தில் அப்படி வழிய பிரபஞ்சத்தின் வயசே போதாது. வாயால் ஊதி, உருளையாக்கி, பிளந்து விரித்துச் செய்த காலத்துக் கண்ணாடியாக இருக்கலாம், நெளிவு பிறவியிலேயே வந்தது. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமமாகச் செய்யும் முறையை பில்கிங்டன் என்ற ஆங்கிலேயக் கண்ணாடிக் கம்பெனி 1959-இல்தான் அறிவித்தது. என் மேஜை அப்படி ஒரு ஜன்னலோரம்தான். தலையைக் கொஞ்சம் அசைத்தால் வெளியே மரக்கிளை தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி ஆடும். இந்தக் கடிதத்தையும் அங்கேதான் எழுதுகிறேன்.

பொறு பொறு என்கிறேனே, மின்சார வயருக்கு மட்டும் ஒரு நாளும் பொறுக்காதே. பழைய ரப்பர் உறை வயர் பல வீடுகளில் இன்னும் சுவருக்குள் இருக்கிறது. வருஷம் ஆக ஆக உறை வறண்டு, தொட்டால் நொறுங்கும். சுவிட்ச் பலகை சுடுகிறதா, விளக்கு துடிக்கிறதா, கருகின வாசனை வருகிறதா, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. உத்திரம் தொய்ந்தாலும், கரையான் மண் கோடு போட்டாலும் அப்படித்தான், உடனே பார்.

சரி, நம் சங்கதிக்கு வருகிறேன். முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏற முடிகிறது. அவர் ஓய்வுபெற்று நாலு மாதமாகிறது, நாள் முழுக்கக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அவரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். என் ஆசிகளைச் சொல்.

நீ கடைசியில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் போகிறது, வீடு நிற்குமா என்று கேட்டாய். ஜன்னல், கதவு மூலைகளில்தான் பாரம் குவியும், விரிசலும் அங்கிருந்துதான் சாய்வாகக் கிளம்பும். அது இருக்கிறது என்பதைவிட நகர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசல் முடிகிற நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுது. அகலத்தையும் அளந்து எழுது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார். வெயிலில் விரிந்து மழையில் மூடினால் அது பருவத்தோடு போகிறது. ஒரே பக்கமாக வளர்ந்துகொண்டே போனால் பொறியாளரைக் கூப்பிடு.

இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது தெரியுமா? இந்த வீடுதான். இரண்டாம் வருஷம் வெள்ளையடிக்க மர பீரோவை நகர்த்தினோம். பின்னால் பழைய சுண்ணாம்பில் ஒரு விரிசல். அதன் நுனியில் ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு தேதி. அதே கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தேதி, இன்னொன்று. மொத்தம் ஐந்து. கடைசித் தேதி 1988. யார் எழுதினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. என்னைப் போலவே கவலைப்பட்டு ஒருவர் வருஷா வருஷம் இங்கே குனிந்து பார்த்திருக்கிறார். விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை.

அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் வெள்ளையடிக்க விடவில்லை. அவர் எழுதிய ஐந்துக்கும் கீழே என் தேதியை எழுதினேன். போன வாரம் ஆறாவது தடவையாக எழுதினேன். உன் வீட்டில் பீரோவை நகர்த்திப் பார்த்துவிட்டு எழுது.

உன்,
பழைய அறைத்தோழி