காபெல் காலத்தை மறந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரங்கம்பாடி சிறப்பிதழில் ‘டேனிஷ்காரர்கள் தாம் ஆண்ட எந்தத் தீவையும் கசக்கிப் பிழிந்ததில்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. கால் நூற்றாண்டு கப்பலே வராமல் கிடந்த தரங்கம்பாடிக்கு 1669-இல் வந்து சேர்ந்த கப்பலின் பெயர் ‘ஃபாரோ’ என்று அதே கட்டுரை சொல்கிறது. அந்தப் பெயருக்குரிய, வட அட்லாண்டிக் கடலில் டேனிஷ்காரர்கள் ஆண்ட ஃபாரோ தீவுகள் அன்று என்ன பாடுபட்டன என்று கேட்டிருக்க வேண்டாமா?

நீங்கள் அறியாததல்ல. டென்மார்க் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் 1655-இல் அந்தப் பதினெட்டுத் தீவுகளையும் தம் அந்தரங்க மனிதரான கிறிஸ்டோஃபர் காபெலுக்கு மானியமாக எழுதிக்கொடுத்தார். 1662-இல் வணிக உரிமையும் அவர் கைக்குப் போனது. கேடு அங்கேதான். தீவு நிலத்தில் ஏறக்குறையப் பாதி அரச நிலம். அதன் குத்தகை காபெலுக்கு. வரியும் அவருக்கே. ஊரார் சரக்கை வாங்குபவரும் அவர், ஊராருக்குத் தானியம் விற்பவரும் அவர். இருப்பதோ கோபன்ஹேகனில், தீவில் அதிகாரம் செய்தவர்கள் அவருடைய ஆட்கள்.

பார்லிகூடச் சரியாக முற்றாத மண் அது. தானியம், மரம், இரும்பு எல்லாம் கப்பலில்தான் வந்தாக வேண்டும். மாற்றாகக் கொடுக்க அவர்களிடம் இருந்தது ஆட்டுமயிர். குளிர்கால இரவுகளில் வீடே கூடி உட்கார்ந்து, சிக்கெடுத்து, நூற்று, காலுறை பின்னுவார்கள். அதைத் துடுப்புப் படகில் ஏற்றி தலைநகர் டோர்ஷாவ்னில் இருந்த கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு கடை கிடையாது. தென்கோடித் தீவுக்குக் கிளைக் கடை வந்ததே 1836-இல்தான். இருபது ஆட்டுத்தோல் ஒரு கில்டன் (அன்றைய பண அலகு) என்பது கணக்கு. விலைப்பட்டியலும் தராசும் கிடங்குக்காரர் கையில். அயல்நாட்டுக் கப்பலோடு பேரம் பேசினால் குற்றம். சரக்குக் கப்பல் தவறினால் பட்டினி. முறையிடக் கோபன்ஹேகன் போனால் மன்னர் பக்கத்திலேயே காபெல்!

1670-இல் மன்னர் இறந்ததும் காபெலின் செல்வாக்குச் சரிந்தது. 1673-இல் அவரும் போனார். தீவுகளுக்கு விடியவில்லை, மகன் ஃபிரெடரிக் காபெல் வந்தார். அவரும் இறந்த பிறகு, 1709-இல்தான் வணிகத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஏகபோகம் 1856 வரை நீடித்தது. ஃபாரோ மக்கள் இன்றும் அந்த அரை நூற்றாண்டைக் ‘காபெல் காலம்’ என்றுதான் சொல்கிறார்கள். 1673-இல் டோர்ஷாவ்னின் திங்கனேஸ் முனையில் பிடித்த தீயில் பழைய ஏடுகள் பல எரிந்துபோயின. ஏடு இல்லை என்பதால் கொடுமையும் இல்லை என்று ஆகிவிடாது.

இது முதல் முறையும் அல்ல. சென்ற ஆண்டு, கரீபியக் கடலில் டேனிஷ்காரர்கள் ஆண்ட செயிண்ட் குரோய் தீவின் சர்க்கரையைப் பற்றி நான்கு பக்கம் எழுதினீர்கள். கரும்பு வெட்டிய அடிமைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்போதும் எழுதினேன், கடிதம் வெளியாகவில்லை. வருத்தம்தான், இருந்தாலும் சந்தாவை நிறுத்தவில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். வரைபடத்தில் ‘பார்வோன் தீவுகள்’ என்று இருப்பதையும் ‘ஃபாரோ தீவுகள்’ என்று மாற்றிவிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை